மனம் பதறும்போது உடம்பிலிருந்து தொடங்குவது: மெதுவான யோகா, மூச்சு, தியானம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதற்றமாக இருக்கும்போது தியானத்தில் உட்கார்ந்தால் பதற்றம் கூடுகிறதே, ஏன்?

வரிசை தலைகீழாகிவிடுவதால். பதற்றம் மனத்துக்குள் மட்டும் நடப்பதில்லை. அட்ரினலின் ரத்தத்தில் கலந்திருக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. தோள், தாடை, வயிறு எல்லாம் இறுகியிருக்கின்றன, மூச்சு மேல்நெஞ்சோடு நின்றுவிடுகிறது. உடம்பு ஓடவோ எதிர்க்கவோ தயாராக நிற்கிறது. அதைப் பிடித்து உட்காரவைத்து 'அசையாதே' என்றால் கேட்காது. கவனிக்க வேறெதுவும் இல்லாததால் படபடப்பு இன்னும் பெரிதாகத் தெரியும். 'தியானம் எனக்குச் சரிப்படாது' என்று பலர் முடிவுகட்டி எழுவது இந்த இடத்தில்தான்.

முதலில் உடம்பு, பிறகு மூச்சு, கடைசியில் மனம். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இந்த வரிசையை நம்பியே எழுதப்பட்டவை. நேரம் குறைவாக இருந்தால் கடைசியிலிருந்து குறையுங்கள். 5 நிமிடம்தான் இருக்கிறது என்றால் உடம்பும் மூச்சும் போதும், தியானத்தை அன்று விட்டுவிடலாம்.

சண்டையோ கெட்ட செய்தியோ முடிந்து அரை மணி நேரம் ஆன பிறகும் உடம்பு நடுங்குகிறது. இது இயல்பா?

இயல்புதான். அட்ரினலின் சில நிமிடங்களில் ரத்தத்திலிருந்து குறைந்துவிடும். கார்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோன் அப்படி அல்ல. அதிர்ச்சி நடந்து சுமார் 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் அது உச்சத்துக்கு வரும். ஆகவே 'எல்லாம் முடிந்துவிட்டதே, இன்னும் ஏன் இப்படி' என்று உங்களையே கடிந்துகொள்ள வேண்டாம். அந்த நேரத்தில் பெரிய முடிவு எடுப்பதையும், கோபமாகப் பதில் எழுதி அனுப்புவதையும் தள்ளிவைத்துவிட்டு, கீழே சொல்லியிருக்கும் 20 நிமிட வரிசைக்குப் போய்விடுவது நல்லது.

மெதுவான யோகா என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒரே நிலையில் 2 முதல் 5 நிமிடம் வரை தங்குவது. அப்படித் தங்கும்போது உங்கள் எடையைத் தசைகள் தாங்கக் கூடாது. தலையணை, மடித்த போர்வை, சுவர், நாற்காலி ஆகியவை தாங்க வேண்டும். ஆசனங்களில் இப்படி முட்டுக்கொடுக்கும் பொருட்களைப் பயன்படுத்தும் முறையை உலகம் முழுக்கப் பரவலாக்கியவர் பி.கே.எஸ். ஐயங்கார்.

இதில் வளைவதும் நீட்டுவதும் நோக்கம் அல்ல. எங்காவது இழுபடுகிற உணர்வு இருந்தால் அது 10க்கு 3 அளவைத் தாண்ட வேண்டாம். அளவு மீறியதைக் காட்டிக்கொடுப்பது மூச்சுதான். மூச்சு நின்று நின்று வந்தாலோ, பல்லைக் கடிக்கத் தொடங்கினாலோ, இன்னொரு தலையணையை அடியில் வையுங்கள். கூடுதலாக முட்டுக்கொடுப்பதைச் சோம்பேறித்தனம் என்று நினைப்பவர்கள்தான் இந்தப் பயிற்சியில் அதிகம் சிரமப்படுகிறார்கள்.

என்னென்ன பொருள் வேண்டும்?

ஒரு விரிப்பு, கெட்டியான தலையணை 2, போர்வை 2, கை வைக்காத நாற்காலி 1, வெறும் சுவர் ஓரம். கண்மேல் போட ஒரு சிறு துணி. சாப்பிட்டு 2 மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். இடுப்பில் இறுக்கமாக எதுவும் வேண்டாம், வயிறு அசைய இடம் வேண்டும்.

20 நிமிடத்துக்கு ஒரு வரிசை சொல்லுங்கள்.

உடம்பு மிகவும் முறுக்கேறியிருந்தால் வரிசைக்கு முன் 2 நிமிடம் வேகமாக நடங்கள், அல்லது நின்றபடி கைகால்களை உதறுங்கள். ஓடத் தயாராக இருக்கும் உடம்புக்குக் கொஞ்சம் ஓட்டம் காட்டிவிட்டுப் படுக்கவைப்பது எளிது.

மர்ஜாரி ஆசனம், 2 நிமிடம். தோளுக்கு நேர்கீழே கை, இடுப்புக்கு நேர்கீழே முட்டி என்று நான்கு காலில் நில்லுங்கள். மூச்சை விடும்போது முதுகைக் கூரைபோல் மேலே வளைத்து, உள்ளே இழுக்கும்போது நெஞ்சை முன்னே நகர்த்துங்கள். முதலில் மூச்சு தொடங்கட்டும், அதன் பிறகு அசைவு. மூச்சு முடிவதற்குச் சற்று முன் அசைவு முடியட்டும். பலர் கழுத்தை மட்டும் வேகமாக ஆட்டிவிட்டு முதுகை அசைக்காமல் விடுகிறார்கள். அசைவு வால் எலும்பிலிருந்து தொடங்கி, தலை கடைசியாக வர வேண்டும். மணிக்கட்டு வலித்தால் முன்னங்கைகளை ஊன்றுங்கள்.

பாலாசனம், 3 நிமிடம். முட்டிகளை அகலமாக வைத்து, நடுவில் தலையணையை நீளவாக்கில் போட்டு, நெஞ்சும் தலையும் அதன்மேல் கிடக்கும்படி குனியுங்கள். தலையை ஒரு பக்கம் திருப்பி வைத்து, பாதி நேரத்தில் மறுபக்கம் மாற்றுங்கள், இல்லாவிட்டால் கழுத்து ஒருபக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பிட்டம் குதிகாலைத் தொடவில்லை என்றால் இடைவெளியில் மடித்த போர்வை. முட்டி வலித்தால் இந்த நிலையே வேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, மேசைமேல் தலையணை வைத்துக் குப்புறச் சாய்ந்தாலும் அதே ஓய்வு கிடைக்கும்.

சுவரில் கால் தூக்கும் விபரீதகரணி, 5 நிமிடம். இடுப்பின் பக்கவாட்டு சுவரில் படும்படி உட்கார்ந்து, முதுகைத் தரையில் சாய்த்தபடியே கால்களைச் சுவர்மேல் சுழற்றி ஏற்றுங்கள். நேராகப் படுத்துக்கொண்டு சுவரை நோக்கி நகர முயன்றால் நகரவே முடியாது. தொடையின் பின்பக்கம் இறுக்கமாக உள்ளவர்கள் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளியே இருக்கலாம், முட்டி சற்று மடங்கியிருந்தாலும் குற்றமில்லை. பாதம் மரத்தால் முட்டிகளை மடக்கிவிடுங்கள். சுவர் சரிப்படாதவர்கள் தரையில் படுத்து, கெண்டைக்கால்களை நாற்காலி இருக்கைமேல் வைத்தால் போதும். இறங்கும்போது முட்டியை மடக்கி, பக்கவாட்டில் புரண்டு, அரை நிமிடம் அப்படியே இருந்துவிட்டுக் கையை ஊன்றி எழுந்திருங்கள். சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

படுத்தபடி முறுக்கு, பக்கத்துக்கு 1 நிமிடம். மல்லாந்து படுத்து, முட்டிகளை மடக்கி ஒரு பக்கம் சாயவிடுங்கள். அவை தரையில் தொடாமல் தொங்கினால் அடியில் தலையணை வையுங்கள்.

சவாசனம், 8 நிமிடம். இதைச் சுருக்க வேண்டாம், மேலே சொன்னவை எல்லாம் இதற்கான ஏற்பாடுதான். முட்டிக்கு அடியில் தலையணை வைத்தால் கீழ்முதுகு தளரும். தலைக்கு அடியில் 2 அல்லது 3 செ.மீ. உயரத்துக்குப் போர்வை மடிப்பு. முகவாய் நெற்றியைவிடச் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். அது மேலே தூக்கியிருந்தால் தொண்டை இறுகும், எண்ண ஓட்டமும் அடங்குவதில்லை. அசையாமல் கிடக்கும்போது உடல் குளிர்ந்துவிடும், எனவே முன்னதாகவே போர்த்திக்கொள்ளுங்கள். வலது கட்டைவிரலில் தொடங்கி உடம்பின் ஒவ்வொரு பகுதியையும் மனத்தால் தொட்டுப் போங்கள். 'தளர்த்து' என்று கட்டளையிட வேண்டாம். அந்த இடம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு நகர்ந்தால் போதும்.

'ஆழமாக மூச்சை இழு' என்கிறார்கள். இழுத்தால் தலை சுற்றுகிறது, விரல் நுனி குறுகுறுக்கிறது.

பதற்றத்தில் இருப்பவருக்குச் சொல்லப்படும் அறிவுரைகளில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ஏற்கெனவே வேகமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பவர் அதே வேகத்தில் பெரிது பெரிதாகவும் இழுத்தால், தேவைக்கு மேல் காற்று வந்துபோகிறது. கரியமில வாயு ரத்தத்திலிருந்து அளவுக்கு மீறி வெளியேறுகிறது. அது குறையும்போது மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. தலை லேசாகிறது, உதட்டைச் சுற்றியும் விரல்களிலும் குறுகுறுப்பு, நெஞ்சில் இறுக்கம், 'காற்று போதவில்லை' என்ற தவிப்பு. அந்தத் தவிப்பில் இன்னும் பெரிதாக இழுக்கிறோம், வட்டம் இறுகுகிறது. அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜனுக்குப் பெரும்பாலும் குறைவே இல்லை.

எனவே மெதுவாக, குறைவாக. ஓய்வில் இருக்கும் பெரியவர் நிமிடத்துக்கு 12 முதல் 20 முறை சுவாசிக்கிறார், ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை லிட்டர் காற்று. மெதுவாக்கும்போது ஒவ்வொரு மூச்சும் தானாகவே சற்றுப் பெரிதாகும், நீங்கள் வலிந்து பெரிதாக்க வேண்டியதில்லை. நுரையீரல் கொள்ளும் அளவில் பாதிக்குக் கொஞ்சம் மேலே போனால் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு உங்கள் மூச்சுச் சத்தம் கேட்கக் கூடாது என்பது நல்ல அளவுகோல்.

விடும்போதும் கடைசிச் சொட்டு வரை பிழிந்து வெளியேற்ற வேண்டாம். அப்படிச் செய்தால் அடுத்த மூச்சு ஏங்கிக்கொண்டு வரும். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழியும் வேண்டாம். வந்திருப்பது ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ ஆக இருந்தால் அது ஆபத்தாக முடியும்.

மூச்சை விடுவதை நீட்டினால் ஏன் அமைதி வருகிறது?

மணிக்கட்டில் நாடி பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுவாசித்துப் பாருங்கள். இழுக்கும்போது துடிப்பு சற்று விரைகிறது, விடும்போது நிதானிக்கிறது. மூளைத்தண்டிலிருந்து இறங்கி இதயம், நுரையீரல், குடல் வரை போகும் வேகஸ் நரம்பு, மூச்சு வெளியேறும்போது இதயத்தை அதிகமாகக் கட்டுப்படுத்துவதுதான் காரணம். விடும் நேரம் நீண்டால் அந்தக் கட்டுப்பாட்டு நேரமும் நீள்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 6 மூச்சு என்ற வேகத்தில், ரத்த அழுத்தத்தைச் சீராக்கும் உடலின் அனிச்சைச் செயலும் மூச்சின் தாளமும் ஒத்துப்போகின்றன. இதயத் துடிப்பின் இந்த ஏற்ற இறக்கம் அப்போது மிகப் பெரிதாக இருக்கும்.

எத்தனை எண்ணிக்கை இழுத்து, எத்தனை எண்ணிக்கை விடுவது?

4 வினாடி இழுத்து 6 வினாடி விட்டால் ஒரு மூச்சுக்கு 10 வினாடி, நிமிடத்துக்கு 6. சேர வேண்டிய இடம் அது. முதல் நாளே அங்கே குதிக்க வேண்டியதில்லை. முதல் வாரம் 3 இழுத்து 4 விடுங்கள். சிரமமில்லாமல் 5 நிமிடம் போக முடிந்தால் 4க்கு 5, பிறகு 4க்கு 6. ஏங்கி இழுக்க வேண்டியிருந்தால் ஒரு படி இறங்குங்கள். எண்ணிக்கையை எட்டுவதற்காகத் திணறுவது, வந்த வேலைக்கே எதிரானது.

பதற்றத்தில் நாம் எண்ணும் 'வினாடி' அரை வினாடியாகிவிடும். 4க்கு 6 என்று நினைத்துக்கொண்டு உண்மையில் 2க்கு 3 செய்துகொண்டிருப்போம். வினாடி முள் ஓடும் கடிகாரத்தையோ, நிமிடத்துக்கு 60 அடி வைத்த தாளச் செயலியையோ முதல் சில நாட்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சை அடக்கும் கும்பகம் இந்தக் கட்டத்தில் வேண்டாம். இழுத்து, அடக்கி, விட்டு, அடக்கி என்று நான்கையும் 4 எண்ணிக்கை செய்யும் சதுர மூச்சு பலருக்கு உதவுகிறது. ஆனால் பீதி வந்து பழகியவர்களுக்கு அடக்குவதே மூச்சுமுட்டலை நினைவுபடுத்தும்.

வயிற்றால் சுவாசிப்பது வரவே இல்லை. இழுக்கும்போது வயிறு உள்ளே போகிறது.

வயிற்றை உள்ளிழுத்து வைத்தே பழகியவர்களுக்கு இப்படித்தான் ஆகும். நுரையீரலுக்குக் கீழே குடைபோல் இருக்கும் உதரவிதானம், மூச்சு உள்ளே வரும்போது கீழே இறங்குகிறது. குடலுக்கு இடம் வேண்டுமே, அதனால் வயிறு வெளியே தள்ளப்படுகிறது. நாம் தள்ளுவது அல்ல அது.

மகராசனத்தில் கற்றுக்கொள்வதுதான் சுலபம். குப்புறப் படுத்து, கைகளை மடித்து நெற்றியை அதன்மேல் வையுங்கள், கால்கள் அகலமாக. மூச்சு வரும்போது வயிறு தரையை அழுத்துவதும் கீழ்முதுகு லேசாக உயர்வதும் தானாகத் தெரியும். 3 நிமிடம் அதைக் கவனித்த பிறகு மல்லாந்து, ஒரு கையை வயிற்றிலும் இன்னொன்றை நெஞ்சிலும் வையுங்கள். கீழ்க்கை முதலில் உயர வேண்டும். மேல்கை கொஞ்சம் அசைந்தால் தவறில்லை. நெஞ்சை அசையவே விடாமல் பிடித்து வைப்பது அடுத்த தவறு.

கூட்டத்தின் நடுவே, பேருந்தில், யாருக்கும் தெரியாமல் செய்ய என்ன இருக்கிறது?

இரட்டை மூச்சு. மூக்கால் ஒரு மூச்சு இழுத்து, முடிந்த இடத்தில் இன்னொரு சிறு மூச்சை அதன்மேல் சேர்த்து, பிறகு வாயாலோ மூக்காலோ நீளமாக விடுங்கள். அழுது ஓய்ந்த குழந்தை விம்மி விடுகிறதே, அதே அமைப்புதான். இரண்டாவது சிறு மூச்சு, நுரையீரலில் சுருங்கிக் கிடக்கும் காற்றுப் பைகளை விரிக்கிறது. இதையே தினமும் 5 நிமிடம் வீதம் ஒரு மாதம் செய்தவர்களை, வேறு இரு மூச்சுப் பயிற்சிகளையும் தியானத்தையும் செய்தவர்களோடு ஒப்பிட்டு, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் ஆய்வு வெளியிட்டார்கள். மனநிலை முன்னேற்றம் இதில்தான் அதிகமாக இருந்தது. அவசரத்துக்கு 2 அல்லது 3 முறை போதும். வரிசையாகப் பத்து முறை பெரிதாகச் செய்தால் தலை சுற்றும்.

கூடவே இரண்டு பாதங்களையும் தரையில் அழுத்தி உணருங்கள். பற்கள் ஒன்றையொன்று தொடாமல் தாடையைத் தளரவிடுங்கள். பார்வையைத் திரையிலிருந்து எடுத்து, கண்ணுக்கு எட்டும் மிகத் தொலைவான பொருளில் வையுங்கள். கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை.

நாடிசுத்தியைச் சரியாகச் செய்வது எப்படி?

வலது கையின் சுட்டுவிரலையும் நடுவிரலையும் உள்ளங்கை நோக்கி மடியுங்கள். கட்டைவிரல் வலது நாசிக்கு, மோதிரவிரல் இடது நாசிக்கு. வலதை மூடி இடதால் இழுங்கள், இடதை மூடி வலதால் விடுங்கள், வலதாலேயே இழுங்கள், வலதை மூடி இடதால் விடுங்கள். இது ஒரு சுற்று. 4க்கு 6 என்ற எண்ணிக்கையில் ஒரு சுற்றுக்கு 20 வினாடி ஆகும், 9 சுற்று செய்தால் 3 நிமிடம்.

எலும்பை அழுத்த வேண்டாம், அதற்குக் கீழே உள்ள மென்மையான பகுதியை லேசாகத் தொட்டு மூடினாலே போதும். கையைத் தூக்கி வைத்திருப்பதில் தோள் இறுகினால், முழங்கையை மறு கையால் தாங்குங்கள். ஒரு நாசி அடைத்திருப்பது பெரும்பாலும் கோளாறு அல்ல. சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம் திறந்து மறுபக்கம் குறுகுவது மூக்கின் இயல்பு. இடது நாசி ஓட்டத்தை இடகலை என்றும் வலது நாசி ஓட்டத்தைப் பிங்கலை என்றும் நம் முன்னோர் பேசினார்கள். ஆனால் சளி பிடித்து முழுக்க அடைத்திருக்கும் நாளில் விட்டுவிடுங்கள்.

பிரமரி?

எண்ணுவதே எரிச்சலாக இருக்கிறது என்பவர்களுக்கு எங்கள் முதல் பரிந்துரை இதுதான். உதடுகள் மூடி, பற்கள் சற்று விலகி, மூக்கால் இழுத்து, விடும்போது 'ம்ம்ம்' என்று தாழ்ந்த சுரத்தில் வண்டுபோல் ரீங்காரம். காது துவாரத்தின் முன்னால் இருக்கும் சிறு மடலைச் சுட்டுவிரலால் லேசாக அழுத்தினால் ஒலி உள்ளே நிறையும். 5 முதல் 7 முறை. விரலைக் காதுக்குள் நுழைக்க வேண்டாம். குரலை உயர்த்தினால் தொண்டை இறுகும்.

ரீங்கரிக்கும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு அமைதியாக மூச்சு விடுவதைவிடச் சுமார் 15 மடங்கு கூடுவதாக 2002இல் சுவீடன் ஆய்வாளர்கள் கண்டார்கள். அமைதிக்கு அதுவே காரணம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். ஒலி இருப்பதால் மூச்சு தானாக நீள்கிறது, கவனத்துக்கும் பற்றிக்கொள்ள ஒன்று கிடைக்கிறது.

கபாலபாதி, பஸ்திரிகா செய்தால் மனம் தெளிவாகிறது என்கிறார்களே?

அவை வேகமாக மூச்சு விட்டு உடம்பை எழுப்பும் பயிற்சிகள். மந்தமான காலையில் நல்லது. ஏற்கெனவே படபடத்துக்கொண்டிருக்கும்போது வேண்டாம்.

சரி, உடம்பும் மூச்சும் அடங்கிவிட்டன. தியானத்தில் என்னதான் செய்வது?

10 நிமிடத்துக்கு மணி வைத்துவிட்டு, கடிகாரத்தைக் கண்ணிலிருந்து மறையுங்கள். மூச்சு எங்கே தெளிவாகத் தெரிகிறதோ அங்கே, மூக்கு நுனியிலோ வயிற்றிலோ, கவனத்தை வையுங்கள். இப்போது மூச்சை மாற்ற வேண்டாம், 4க்கு 6 எல்லாம் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறை விடும்போதும் ஓர் எண், 1 முதல் 10 வரை, பிறகு மீண்டும் 1.

மூன்றாம் எண்ணிலேயே மனம் எங்காவது போய்விடும். போகட்டும். போய்விட்டது என்று தெரிகிற கணம் இருக்கிறதே, பயிற்சி அந்தக் கணத்தில்தான் இருக்கிறது. திரும்பி வந்து 1இல் தொடங்குங்கள். 10 நிமிடத்தில் 40 முறை திரும்பி வந்தால் 40 முறை பயிற்சி செய்திருக்கிறீர்கள். கவலையில் ஓடும் மனத்தை ஓட்டத்தின் நடுவில் பிடிக்கும் பழக்கம் இப்படித்தான் வளர்கிறது. பின்னொரு நாள் வாக்குவாதத்தின் நடுவில் அது கைகொடுக்கும். திரும்பும்போது சலித்துக்கொள்ளாமல் திரும்புங்கள். சலிப்பு வந்தால் அதையும் ஓர் எண்ணமாகவே எண்ணிவிட்டு 1.

செய்ய வேண்டிய வேலைகள் வரிசையாக நினைவுக்கு வருகிறதென்றால், உட்காரும் முன் 3 நிமிடம் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிவைத்துவிடுங்கள். எழுதிவைத்ததை மனம் அவ்வளவாகச் சுமப்பதில்லை.

கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே பயமாக இருக்கிறது.

நீங்கள் மட்டும் அல்ல. தளர்வதே பதற்றத்தைக் கிளப்பும் நிலை சிலருக்கு உண்டு. எப்போதும் விழிப்பாக இருந்தே தன்னைக் காத்துக்கொண்டவர்களுக்கு, காவலை இறக்குவது ஆபத்தாகத் தோன்றும். முன்பு பெரிய அதிர்ச்சியைக் கடந்து வந்தவர்களிடம் இது அதிகம். தாங்கிக்கொண்டு தொடருங்கள் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

கண்ணைத் திறந்து, சற்று முன்னால் தரையைப் பாருங்கள். மூச்சை விட்டுவிட்டு, பாதமோ உள்ளங்கையோ தரையிலோ தொடையிலோ படும் இடத்தைக் கவனியுங்கள். அல்லது அறைக்கு வெளியே கேட்கும் ஒலிகளை. முதுகு சுவரில் சாய்ந்திருக்கட்டும், வாசல் உங்கள் பார்வையில் இருக்கட்டும். 2 நிமிடம் போதும். உட்காரவே முடியவில்லை என்றால் 10 அடி தூரத்துக்கு மெதுவாக நடந்து திரும்புங்கள், குதிகால் தொடுவது, பாதம் பதிவது, விரல்கள் தள்ளுவது என்று பார்த்தபடி. இதுவும் முழுத் தியானம்தான். பழைய நினைவுகள் வெள்ளம்போல் வந்தால் நிறுத்திவிட்டு, மனநல நிபுணர் ஒருவரின் துணையோடு பிறகு தொடருங்கள்.

உட்கார்ந்ததும் தூக்கம் வந்துவிடுகிறது.

பெரும்பாலும் தூக்கக் கடன். இரண்டு மூன்று இரவு நன்றாகத் தூங்கிவிட்டுப் பாருங்கள். அதன் பிறகும் வந்தால், படுக்கையில் செய்யாமல் நாற்காலியில், கண் பாதி திறந்து, காலை வேளையில்.

கால் மரத்துப்போகிறது.

இருக்கை தாழ்வாக இருக்கிறது. முட்டி இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். அதற்கு 10 முதல் 15 செ.மீ. உயரத்தில் கெட்டியான தலையணையின் முன் விளிம்பில் உட்காருங்கள். கணுக்கால் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் முன்னும் பின்னுமாகத் தரையில் கிடக்கட்டும். மரத்துப்போன காலோடு உடனே எழுந்து நிற்காதீர்கள், கணுக்கால் புரண்டுவிடும். நாற்காலியில் உட்கார்வது தாழ்ந்த வழி அல்ல. பாதம் முழுக்கத் தரையில் பட வேண்டும், எட்டாவிட்டால் அடியில் ஏதாவது வைக்கலாம்.

நடுராத்திரி விழித்துக்கொண்டு தூக்கம் வராமல் தவிக்கும்போது?

மணி பார்க்காதீர்கள். இன்னும் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்ற கணக்கே ஆளை எழுப்பிவிடும். பக்கவாட்டில் படுத்து, இழுப்பதைச் சும்மா விட்டுவிட்டு, விடுவதை மட்டும் நீட்டுங்கள். அதோடு, தசைகளை இறுக்கித் தளர்த்துங்கள். பாதம், கெண்டைக்கால், தொடை, வயிறு, கை முஷ்டி, தோள், முகம் என்று ஒவ்வொன்றையும் 5 வினாடி இறுக்கி, 15 வினாடி விடுங்கள். முழு பலத்தில் இறுக்கினால் தசை பிடித்துக்கொள்ளும், பாதி பலம் போதும். ஏறக்குறைய 20 நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் நாற்காலியில் உட்காருங்கள். கண் சொக்கும்போது படுக்கைக்குத் திரும்பலாம்.

எத்தனை நாளில் பலன் தெரியும்?

இரண்டு வகைப் பலன் உண்டு. மூச்சை நீட்டினால் இதயத் துடிப்பு அன்றே, சில நிமிடங்களிலேயே இறங்கும். சிறிய விஷயத்துக்குச் சீறிவிழாமல் இருப்பது, சீறினாலும் சீக்கிரம் மீள்வது போன்ற மாற்றத்துக்கு வாரங்கள் வேண்டும். ஜான் கபாட்-ஜின் 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியும் 8 வாரம் கொண்டது. அதையே அளவாக வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒருநாள் 1 மணி நேரத்தைவிடத் தினமும் 10 நிமிடம் மேல். முக்கியமாக, அமைதியான நாட்களிலும் செய்யுங்கள். பதற்றத்தில் மட்டுமே கையிலெடுத்தால், பயிற்சி தொடங்குவதே உடம்புக்கு ஆபத்தின் அறிகுறியாகிவிடும்.

கைக்கடிகாரம் காட்டும் இதயத் துடிப்பு மாறுபாட்டு எண்ணை அந்தந்த நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். மெதுவாக மூச்சு விடும்போது அந்த எண் கூடத்தான் செய்யும். அது மூச்சின் விளைவு, உங்கள் முன்னேற்றத்துக்கான மதிப்பெண் அல்ல.

யாரெல்லாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

கண் அழுத்த நோய் அல்லது விழித்திரைக் கோளாறு உள்ளவர்கள் தலை இதயத்துக்குக் கீழே போகும் நிலைகளைத் தவிர்க்க வேண்டும், பாலாசனத்திலும் தலையை உயரமாக வைக்க வேண்டும். இதயம் பலவீனமாக உள்ளவர்களுக்குச் சுவரில் கால் தூக்குவது கூடாது, கால்களிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்துக்குச் சுமையாகும். கட்டுக்குள் வராத உயர் ரத்த அழுத்தம் இருந்தால் மூச்சை அடக்கவே வேண்டாம். கர்ப்பத்தின் பிற்பாதியில் மல்லாந்து நீண்ட நேரம் படுக்காமல், இடப்பக்கம் சாய்ந்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வைத்துச் சவாசனம் செய்யுங்கள். நெஞ்செரிச்சல் தொல்லை உள்ளவர்கள் மேல்முதுகையும் தலையையும் உயர்த்திப் படுக்கலாம்.

மருந்து எடுத்துக்கொண்டிருக்கிறேன். இதைச் செய்தால் நிறுத்திவிடலாமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரப்படும் பல மருந்துகளைத் திடீரென நிறுத்தினால் பழைய அறிகுறிகள் கடுமையாகத் திரும்பலாம். குறைப்பதானாலும் மருத்துவரோடு சேர்ந்து படிப்படியாகத்தான். பயிற்சியைப் பக்கத்தில் வைத்துத் தொடரலாம், தடை இல்லை.

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ வேலையோ கெட்டுக்கொண்டே போனால் மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் காத்திருக்காமல் அன்றே ஒருவரிடம் சொல்லுங்கள், உதவி கேளுங்கள். நெஞ்சில் பாரம்போல் வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை, மயக்கம் ஆகியவை வந்தால் 'பதற்றம்தானே' என்று மூச்சுப் பயிற்சியில் உட்கார வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

நடுவில் பத்து நாள் விட்டுப்போய்விட்டது. முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

வேண்டாம். விட்ட நாட்களை ஈடுகட்ட ஒரே நாளில் 1 மணி நேரம் உட்காரவும் வேண்டாம். எண்ணிக்கையில் ஒரு படி இறங்கி, 4க்கு 5 என்று 3 நிமிடம் சுவாசியுங்கள், சவாசனத்தில் 5 நிமிடம் கிடங்கள். நாளைக்கும் அதே நேரத்துக்கு மணி வைத்துவிட்டு எழுந்திருங்கள்.